கேபிள் பெட்டியை என் கையால் கொடுத்தேன்

எங்கள் வீட்டில் டிவி பார்க்கிறவள் நான். அது எந்த வழியாக வரவேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் மற்ற இரண்டு பேர். இதை எழுத உட்காரும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நான் ரொம்ப நல்லவள் மாதிரித் தெரிவேன். அது பொய்.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. நான், என் கணவர், எங்கள் ஒரே மகன், மூன்று பேர். கணவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் மாடி அறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறான். நான் அடி அண்ணாமலையில் அங்கன்வாடி டீச்சராக இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் மொட்டைமாடியில் ஆண்டெனா இருந்தது. சென்னைப் பக்கமிருந்து வருகிற படத்தை மலை மறைத்துக்கொண்டு நிற்கும். என் கணவர் மேலே நின்று கம்பியைத் திருப்புவார். நான் கீழேயிருந்து "தெரியுது, தெரியுது... ஐயோ போச்சு, போச்சு" என்று கத்துவேன். இந்த மலையைச் சுற்ற எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது, எங்களுக்கு மட்டும் குறுக்கே நிற்கிறதே என்று அவர் மேலேயிருந்து சாமியையே திட்டுவார். பிறகு கேபிள் வந்தது. அதற்கப்புறம் எங்களுக்கு மலையோடு சண்டை இல்லை. வருஷக்கணக்காகக் கேபிள்தான்.

கேபிளில் ஆயிரம் சேனல் வந்தாலும் நான் உயிராகப் பார்த்தது எங்கள் உள்ளூர் சேனலைத்தான். கோயில் கொடியேற்றம், சாமி புறப்பாடு, எந்த வார்டுக்கு என்றைக்குத் தண்ணீர், ஜவுளிக்கடை விளம்பரம், யாரோ வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து வாழ்த்து. சாயங்காலம் ஆறு மணியானால் இரங்கல் செய்தி. செத்தவர் போட்டோவை மாலையோடு போட்டு, கீழே பேர், தெரு, எப்போது எடுக்கிறார்கள் என்ற விவரம் ஓடும். காலையில் போனவர் என்றால் காலையிலிருந்தே ஓடும். பின்னால் ஒரு அழுகை மியூசிக். என் கணவர் இதற்குச் சாவு சேனல் என்று பேர் வைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அதை யாரும் விளம்பரமாக நினைப்பதில்லை. ஒரு ஆள் வந்து வாசலில் நின்று சொன்னதற்கு அது சமம். கேபிளில் போட்டாயிற்று என்றால் ஊருக்குச் சொல்லியாயிற்று. அப்புறம் "எனக்குச் சொல்லவே இல்ல" என்று யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. வராதவர்கள்தான் ஏன் வரவில்லை என்று பதில் சொல்லவேண்டும்.

அங்கன்வாடியில் என்னோடு வேலை பார்த்த ஆயாவும் இதே சேனலின் பைத்தியம். குழந்தைகள் ஆயா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவள் ஆயாவாகவே ஆகிவிட்டாள். என்னைவிட நாலு வயது பெரியவள். அவளை நான் 'நீ' என்றேன், அவள் என்னை 'நீங்க' என்றாள். டீச்சர், ஆயா என்ற வேலை அப்படி. அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. சத்துமாவு கிண்டுவது, மூக்கு துடைப்பது, காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெருக்குவது எல்லாம் அவள். பாட்டு, கதை, ரிஜிஸ்டர் எல்லாம் நான். கணவன் இல்லை, மகள் ஒருத்தி. அந்தப் பெண்ணும் எங்கள் சென்டரில் வளர்ந்தவள்தான், கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தாள். ஆயா மட்டும் அடி அண்ணாமலையில் அந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே ஆறு மணி ஆனால் என் போன் அடிக்கும்.

"டீச்சர், போட்டாங்க. நெத்தியில பட்டை, மீசை பெருசா. இன்னா பேரு போட்டிருக்குது, படிங்க."

"இரு, கண்ணாடியத் தேடறேன்."

"சீக்கிரங்க, மாத்திடப் போறான்!"

நான் படிப்பேன். "ஐயய்யோ, அவரா! ரேஷன் கடையில எனக்கு முன்னாடி நிப்பாரே, கை நடுங்கிக்கினு" என்பாள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று இரண்டு தரம் கேட்டுக்கொள்வாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். மாடு கன்று போட்டது, மகள் வந்தது, பௌர்ணமிக் கூட்டத்தில் யாரோ அவள் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போனது. இரங்கல் ஐந்து நிமிஷம், எங்கள் பேச்சு அரைமணி நேரம். ரிட்டயரான பிறகு எனக்கு ஒரு நாளில் யாராவது 'டீச்சர்' என்று கூப்பிட்டார்கள் என்றால் அந்த அரைமணி நேரத்தில்தான்.

இதெல்லாம் நாசமானது குரங்குகளால் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், குரங்குகள் என்ன செய்யும்? எங்கள் தெருக்கோடியில் ஒரு கூட்டம் கேபிள் வயரைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடியது, வயர் அறுந்தது. கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"பௌர்ணமிம்மா. டவுனே ஜாமாகி நிக்குது. வண்டிய எங்க கொண்டாந்து நிறுத்தறது? முடிஞ்சதும் மொத ஆளா வரேன்."

முதல் ஆளாக வருகிறவர் நாலாம் நாள் வந்தார். அதற்குள் எங்கள் வீட்டில் மாநாடே நடந்துவிட்டது.

"கேபிளே வேணாம்மா" என்றான் மகன். "நம்மகிட்ட நெட் இருக்குது. புது டிவி வாங்கியிருக்கோம். எல்லாமே ஆப்ல வரும். நெனச்ச நேரத்துல பாக்கலாம், விளம்பரமே கிடையாது."

"டிஷ் போடுடா" என்றார் அப்பாக்காரர். "என் தங்கச்சி வீட்ல டிஷ்தான். ஒரு தொந்தரவு இல்ல."

"மழை தூறினா போயிடும்பா அது. எதிர் வீட்ல பாருங்க, குரங்கு ஏறி உக்காந்து திருப்பிவிடுதுன்னு டிஷ்ஷச் சுத்தி முள்ளு கட்டி வெச்சிருக்காங்க."

"அப்ப ஆண்டெனாவையே மறுபடியும் ஏத்துங்க, நான் கீழேருந்து கத்தறேன்" என்றேன் நான்.

"இப்பவும் ஆண்டெனா இருக்குது, தெரியுமா? படம் அவ்ளோ தெளிவா வருதாம்" என்று அவர் அதையும் நிஜமாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார். அந்த மனிதருக்குக் கிண்டல் எது, பேச்சு எது என்று இந்த ஜன்மத்தில் விளங்காது.

எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன். ஒரு வீடாவது யோசித்துத் தேர்ந்தெடுத்ததா? எதிர் வீட்டில் டிஷ், ஏனென்றால் மருமகள் வீட்டில் டிஷ். பக்கத்து வீட்டில் மாடியை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே டிவியே இல்லை, நெட் மட்டும் வேகமாக வேண்டுமாம். தியானம் பண்ண வந்தவர்களுக்கு! கோடி வீட்டில் கேபிளும் உண்டு, ஆப்பும் உண்டு, ஆனால் ரிமோட் எந்நேரமும் ஒரு பொடியன் கையில். யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்ன வழியில் படம் வருகிறது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவளை யாரும் கேட்பதில்லை.

என்னையும் கேட்கவில்லை. "உனக்கு எது வேணும், நீ என்ன பாக்கற?" என்று இரண்டு ஆம்பிளைகளில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் நானும்தான் சொல்லவில்லை. சாயங்காலம் ஆயாவுக்கு இரங்கல் படித்துச் சொல்லவேண்டும், அதற்குக் கேபிள் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள். வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு, சொந்த வீட்டில், எனக்கு இது வேண்டும் என்று சொல்ல வெட்கம். நன்றாக இருக்கிறது!

நாலாம் நாள் கேபிள்காரர் ஏணியோடு வந்து நின்றபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் காலங்காலமாக வந்து போகிற மனிதர், தங்கமானவர். அதெல்லாம் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நாலு நாளா எங்கப்பா போன? நாங்க இன்னா, இளிச்சவாயங்களா?"

"அம்மா, கூட்டத்துல நான் இன்னா பண்றது? இதோ, பத்து நிமிஷத்துல இழுத்துக் குடுத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் இழுக்க வேணாம். பெட்டிய எடுத்துக்கினு போ."

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோவத்துல சொல்லாதீங்கம்மா. வேற எது போட்டாலும் நம்ம ஊர்ச் சேதி அதுல வராது."

"ஊர்ச் சேதி என் வாசலுக்கே வரும். நீ கெளம்பு."

மகன் மாடியில் இருந்தான், கணவர் கடைக்குப் போயிருந்தார். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானே உள்ளே போய் வயரைப் பிடுங்கி, பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவு நிறைவாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வாரம் எனக்குக் கொண்டாட்டம். விளம்பரம் இல்லாமல் சீரியல். விட்ட இடத்திலிருந்து படம். எந்த நாட்டிலோ ஒரு பெண்மணி அடுப்பில் ரொட்டி சுடுவதை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். "எப்படிம்மா?" என்று மகன் கேட்டபோது "பரவால்லடா" என்று பல்லைக் காட்டினேன்.

ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் அவளும் சிரித்தாள். "அது இன்னாங்க டீச்சர், ஊருல உலகத்துல இருக்கறதெல்லாம் வருதாம், நம்ம ஊரு வராதாமா?" என்றாள். மகனிடம் கேட்டேன். அவன் நெட்டில் தேடி எங்கள் உள்ளூர் சேனலைப் பிடித்துக் கொடுத்தான். போன வருஷத்துத் தேர் ஓடிக்கொண்டிருந்தது. இரங்கலை அவர்கள் நெட்டில் போடுவதில்லை.

அதற்கப்புறமும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. படத்தை வாயால் சொல்லுவாள். "வழுக்கைங்க, காது நீளம், கட்டம் போட்ட சட்டை." நான் குத்துமதிப்பாக யாரையாவது சொல்லுவேன். "அவரு இல்லீங்க, அவரத்தான் காலையில டீக்கடையில பாத்தேனே!" என்பாள். விழுந்து விழுந்து சிரிப்போம். உயிரோடு இருக்கிற எத்தனை பேரை நான் அப்படிச் சாகடித்தேன் என்று கணக்கே இல்லை.

ஒரு நாள் ஆறு மணிக்கு என் சீரியல் முக்கியமான கட்டத்தில் இருந்தது. அதற்கு முன்னால்தான் மகனோடு ஒரு வாய்ச்சண்டை. அவனுக்கு மீட்டிங்காம், நான் டிவி சத்தம் ஜாஸ்தி வைத்தேனாம். போன் அடித்தது.

"டீச்சர், ஒரு பொண்ணு படம் போட்டிருக்காங்க. சின்ன வயசுதான். நம்ம சென்டர்ல இருந்த பொண்ணு மாதிரியே இருக்குதுங்க. கீழ பேரு ஓடுது. யாருன்னு..."

"எனக்கு இன்னா ஞானதிருஷ்டியா இருக்குது? எங்க வீட்டுலதான் கேபிள் இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"இல்லீங்க, கண்ணு மட்டும்..."

"பக்கத்து வீட்ல யாரையாச்சும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லு. பொழுதன்னைக்கும் செத்தவங்க மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருக்கியே, உனக்கு வேற வேலையே கெடையாதா?"

அந்தப் பக்கம் அவள் வீட்டு டிவியின் அழுகை மியூசிக் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிங்க டீச்சர்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அன்றைக்கு அது கடைசி என்று எனக்குத் தெரியாது. அவள் கோபித்துக்கொண்டாள், இரண்டு நாளில் தானாகக் கூப்பிடுவாள் என்று இருந்தேன். இரண்டு நாள் நாலு நாளாகி, ஒரு வாரமாகி, இரண்டு வாரமும் தாண்டிவிட்டது. ஆறு மணிக்குப் போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். நானே போட்டிருக்கலாம். கை வரவில்லை. டீச்சர் இல்லையா நான்? ஆயாவுக்கு நான் முதலில் போன் பண்ணுவதா? த்தூ!

ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். காய்கறிக்கடையில் நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கேபிள்காரர் வண்டியை ஓரம் கட்டினார். பெட்டியைக் கொடுத்த நாளிலிருந்து அவரைப் பார்த்தால் நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது வழக்கம். அவரே பேசினார்.

"இன்னாம்மா, உடம்புக்கு முடியலையா? ஆயா சாவுக்கு உங்களக் காணோமே."

"எந்த ஆயா?"

"நம்ம அடி அண்ணாமலை ஆயாம்மா. போன வாரம் வியாழக்கெழம. விடிகாலம் நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அந்த ஏரியாவும் நம்ம லைன்தானம்மா, நானும் போயிருந்தேன்."

கையிலிருந்த கத்தரிக்காய்களைத் தட்டில் போட்டேனா, கீழே போட்டேனா என்று தெரியவில்லை. அந்தக் கடைவாசலில், அத்தனை பேர் நடுவில், அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். "ஏன்யா எனக்குச் சொல்லல? தெனமும் இந்தத் தெருவுலதான சுத்தற? ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"அம்மா, மூணு நாள் ஓட்டினோமேம்மா. கேபிள்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் வீட்டுப் பெட்டி அவரிடம் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர் திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பையை அப்படியே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். கிரிவலப் பாதையில் வழியெல்லாம் ஆள் ஏற்றி ஏற்றி இறக்கினான் அந்த ஆட்டோக்காரன். அவனையும் திட்டினேன். அடி அண்ணாமலையில் இறங்கினால் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பாதி கிழிந்து தொங்கியது. என் தெருவில் அது ஒட்டப்படவில்லை. யார் ஒட்டுவார்கள் அவ்வளவு தூரம் வந்து?

ஆயா மகள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் வரை அங்கேயே இருக்கப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க டீச்சரம்மா" என்றாள்.

சாவு வீட்டில் வாங்க என்று சொல்லமாட்டார்கள். வருகிறவள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வரவேண்டும், வீட்டுப் பெண் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளவேண்டும். அதற்கெல்லாம் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் முடிந்துபோனது. நான் அழ வாயைத் திறந்தேன், அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "சத்தியமாத் தெரியாது. ஏன்மா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"கேபிள்ல போட்டோமே டீச்சரம்மா" என்றாள். குரல் உயரவே இல்லை. "நாலு மணிக்கு எடுக்கறதாத்தான் போட்டிருந்தோம். எல்லாரும் எடு எடுங்கறாங்க, நான்தான் விடல. டீச்சரம்மா கேபிள்ல பாத்திருப்பாங்க, பஸ்ஸு கெடைக்காம நிப்பாங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிச் சொல்லி அஞ்சரை வரைக்கும் வெச்சிருந்தேன். சொந்தக்காரங்க என்னைத் திட்டினாங்க. இருட்டிக்கினு வருது, யாருக்காகடி வெச்சிருக்கறன்னு."

ஒன்றரை மணி நேரம். நான் அந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம். மசால் வடைக்கு ஊறப்போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி சுடுகிற அந்தப் பெண்மணியை.

"போன்ல என் நம்பர் இருந்திருக்குமேம்மா."

"அம்மா போன்ல ஒரு பேரும் இல்லீங்க. எல்லாம் நம்பரா இருந்துச்சு. அதுக்குத்தான் படிக்கத் தெரியாதே. உங்க நம்பர மனப்பாடமா வெச்சிருந்துச்சு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்."

யாரை நான் திட்டுவது? குரங்கையா, கேபிள்காரரையா, என் மகனையா? எல்லாரையும் திட்டி முடித்துவிட்டேன், ஒருத்தி பாக்கி. இருபத்திரண்டு வருஷம் ஒரே அறையில், கரும்பலகைக்கு முன்னால் நின்று, மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தவள் நான். ஆயா அதே அறையில், அதே தரையில், மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "வா, நீயும் எழுது" என்று சொல்லியிருக்கிறேனா? மூளையில் தோன்றவே இல்லை. அவள் கேட்டு நான் படித்துச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆள் மாதிரி இருந்தது. கடைசியில் அதையும் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டில் போய்க் கேள் என்று விரட்டினேன். டீச்சராம் டீச்சர்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி அழுதேன். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அரிசித் தூசி படிந்த கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. தோளோடு தோள் பட உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"கேபிள்ல போட்ட படம் பாக்கறீங்களா?" என்று தன் போனை எடுத்தாள்.

ஆயா சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சென்டர் வாசலில், அவள் ரிட்டயரான அன்றைக்கு எடுத்த போட்டோ. எனக்கு ஞாபகம் இருக்கிறது, நானும் அவளும் சேர்ந்து நின்றோம். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்து மாலை போட்டிருந்தார்கள். ஆனால் அவள் இடது தோள் மேல் ஒரு கை இருந்தது. நாலு விரல், ஒன்றில் என் கல்யாண மோதிரம்.

"அந்தக் கைய மட்டும் எடுக்க முடியலன்னு சேனல்காரரு சொன்னாரு. எடுத்தா அம்மா தோளு போயிடுமாம். இருக்கட்டும், அது டீச்சரம்மா கைதான், அப்படியே விடுங்கன்னு சொல்லிட்டேன்."

"இதுவா ஓடுச்சு?"

"மூணு நாளும் இதுதாங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம்."

ஊரில் கேபிள் இருக்கிற அத்தனை வீட்டிலும் மூன்று நாள் என் கை அவள் தோளில் இருந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் போய் மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பார்க்காதது நான் ஒருத்திதான்.

கிளம்பும்போது அவள் போனை வாங்கி என் நம்பரை என் பேரில் நானே பதிந்து கொடுத்தேன். போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது என்பதால் சொல்லாமல் இறங்கி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என் கணவரும் மகனும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ இங்கிலீஷ் படம், கார்கள் பறந்துகொண்டிருந்தன. காய்கறிக்கடைக்காரர் பையைக் கொடுத்தனுப்பியிருந்ததால் எங்கே போனாய் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சொன்னேன். பெட்டியிலிருந்து கை வரைக்கும், ஆறு மணிப் போனிலிருந்து அவளை விரட்டியது வரைக்கும், நின்றபடியே, கத்திக் கத்திச் சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் கணவர் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார்.

மகன் எழுந்து வந்தான். மூஞ்சி வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லவே இல்லியே. நாளைக்கே கேபிள்காரரக் கூப்பிட்டு மறுபடியும் போட்டுடறேன்."

"போட்டு?" என்றேன். "யாருக்குடா நான் படிச்சுச் சொல்லப் போறேன்?"

அவன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.